கல்லிடுக்கின் எழில்

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதில் ஒரு பிடி பொடிக்கல், அதைவிடக் குறைவாக மண். அங்கே உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு செடி, இலைகளை வட்டமாக அடுக்கிக்கொண்டு வானம் பார்த்து அமர்ந்திருக்கிறது. ஆல்ப்ஸ் சரிவுகளில் நடப்பவர்கள் தொலைவின் வெண்முகடுகளைப் பார்த்தபடியே இதைக் கடந்துபோய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். முழங்காலை மடித்து, முகத்தைக் கல்லின் அருகே கொண்டுவாருங்கள். செம்பர்விவம் என்னும் இந்தச் செடி நின்ற உயரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தன் வனப்பைக் காட்டுவதில்லை.

பிரனீஸ் மலையில் தொடங்கி ஆல்ப்ஸ், அப்பெனைன், கார்பேத்தியன், பால்கன் மலைகள் வழியாகக் காக்கசஸ் வரை இதன் நாடு நீள்கிறது. மொராக்கோவின் அட்லஸ் மலையிலும் ஓர் இனம் வாழ்கிறது. மொத்தம் சுமார் 40 இனங்கள். எல்லாமே சதைப்பற்றுள்ளவை, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை, பனியில் விறைத்துக் கிடந்துவிட்டு வசந்தத்தில் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்பவை. இந்தச் செடியை நெருங்கிப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: இதில் அலங்காரத்துக்கென்று தனியே எதுவும் இல்லை. வெயிலையும் வறட்சியையும் பனியையும் தாங்குவதற்காக அமைந்த ஒவ்வொன்றுமே அழகாகவும் வாய்த்திருக்கிறது.

முதலில் அந்த வட்டத்தையே பாருங்கள். தண்டு என்று சொல்ல எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தடித்த இலைகள் நேரே தரையிலிருந்து புறப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருக்கும். நடுவில் இன்னும் பிரியாத இளம் இலைகள் ஒரு குமிழாக இறுகியிருக்கும். விளிம்புக்கு வர வர அவை மெல்ல மெல்லத் தளர்ந்து விரியும். ஒவ்வொரு புதிய இலையும் முந்திய இலையிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளித் தோன்றுகிறது. அந்த ஒரே கோணம் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால், எந்த இலையும் இன்னொன்றின்மேல் சரியாகக் கவிழ்வதில்லை. ஒளியில் எல்லாவற்றுக்கும் பங்கு கிடைக்கிறது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் இடப்புறமாகச் சுழலும் கோடுகளும் வலப்புறமாகச் சுழலும் கோடுகளும் தெரியவரும். பொறுமையாக எண்ணினால் 5, 8, 13 போன்ற எண்கள் கிடைக்கும். எண்ணி முடித்தபின் மறுபடி முழுதாகப் பாருங்கள். இப்போது வட்டம் சுழல்வதாகவே தோன்றும். அசையாத ஒரு பொருளுக்குள் இத்தனை ஓட்டம்!

அந்த அடுக்கு நிலையானதும் அல்ல. மழை பெய்து சில நாள் ஆனதும் இலைகள் நீர் நிறைந்து பருத்து, வட்டம் மலர்ந்து கிடக்கும். வறட்சி நீண்டால் வெளியிலைகள் உள்நோக்கி வளைந்து, நடுவிலிருக்கும் இளசைப் பொதிந்துகொள்ளும். கடுங்குளிரிலும் அப்படியே. கடைசி வரிசையில் உள்ள முதிய இலைகள் காய்ந்து பழுப்பேறி, உதிராமல் அடியிலேயே ஒட்டியிருக்கும். பலர் இதை அழுக்கென்று கிள்ளிப்போட நினைப்பார்கள். காய்ந்த அந்த மெல்லிய பாவாடைதான் செடியின் கழுத்தை வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காக்கிறது. பழுப்பும் பச்சையும் கல்லின் சாம்பலும் ஒன்றையடுத்து ஒன்று வரும் அந்த விளிம்பு, வட்டத்தின் நடுவுக்கு எந்த விதத்திலும் குறைந்த அழகில்லை. ஈரம் தேங்கும் இடத்தில் அவை அழுகத் தொடங்கினால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனி ஓர் இலையை மட்டும். ஐரோப்பியக் கூரைகளில் காலங்காலமாக வாழ்ந்துவரும் செம்பர்விவம் டெக்டோரம் என்ற இனத்தின் இலைப்பரப்பு வழுவழுப்பானது. அதன்மேல் மயிர் கிடையாது. விளிம்பில் மட்டும் வெண்மயிர்கள், ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், கண்ணிமையின் ஒழுங்கோடு வரிசையாக நிற்கும். காலைச் சாய்வொளி பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு இலையும் தனக்கென ஒரு வெள்ளிக்கோடு பூண்டுகொள்ளும். இலை நுனியில் சின்னஞ்சிறு கூர். அதில் செம்பழுப்பு தோய்ந்திருக்கும். பிரான்சின் தென்கிழக்கு மலைகளில், சுண்ணப்பாறைகளில் வளரும் செம்பர்விவம் கல்கேரியம் அந்தத் தோய்தலை இன்னும் துணிவாகச் செய்கிறது: சாம்பல் படிந்த நீலப்பச்சை இலை, நுனியில் மட்டும் அடர்ந்த ஊதாப்பழுப்பு முக்கோணம், எல்லை பிசகாமல். அறுபது எழுபது இலைகளில் ஒன்றில்கூட நிறம் அளவு மீறியிருக்காது. எல்லா இனங்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சுண்ணக்கல்லின் வெளிர்சாம்பல் பின்னணியில் அந்த ஊதா நுனிகள் தரும் நிறைவை வேறெந்த நிறச் சேர்க்கையும் எனக்குத் தந்ததில்லை.

பால்கன் மலைகளின் சிலியோசம் வேறு வழி போகிறது. இலைகளை உள்ளே குவித்து உருண்டையாகி, நீண்ட வெண்மயிர்களால் தன்னைப் போர்த்திக்கொள்கிறது. மான்டேனம் இனத்தில் இலை முழுவதும் குறுமென்மயிர். விரலால் வருடினால் மெல்லிய பிசின் மணம் ஒட்டிக்கொள்ளும். மயிர் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே இனங்களைப் பிரித்தறிகிறார்கள். 1932இல் லண்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் வெளியிட்ட ராபர்ட் லாய்ட் பிரேகரின் பெருநூல் இந்தச் செடிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது. பக்கம் பக்கமாக இலையின் விளிம்பையும் நுனியையும் பற்றிய குறிப்புகள். நுணுக்கமாகப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு மனிதரின் அன்பு அது.

ஆனால் மயிர் என்ற எளிய உறுப்பு கலையின் உச்சிக்கு ஏறுவது அரக்னாய்டியத்தில்தான். ஆல்ப்ஸ், அப்பெனைன், பிரனீஸ் மலைகளில் சுண்ணமில்லாத பாறைகளில் இது வாழ்கிறது. ஒவ்வொரு வட்டமும் சட்டைப் பொத்தான் அளவு, பெரிதானால் அதன் இருமடங்கு. அவை நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கல்லின் மேல் மெத்தையாகப் பரவியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லின்மேல் வெண்பூஞ்சை படர்ந்ததோ என்று ஐயம் எழும். குனிந்தால் தெரிவது நூல். இலை நுனியிலிருந்து இலை நுனிக்கு, வட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, வெண்ணூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சிலந்தி ஏதும் இதை நெய்யவில்லை. செடி தானே நெய்துகொண்டது. இளம் இலைகள் நடுமொட்டில் நெருங்கியிருக்கும்போதே அவற்றின் நுனிமயிர்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பிணைகின்றன. இலைகள் வளர்ந்து விலக விலக அந்த மயிர்கள் இழுபட்டு நீள்கின்றன. எனவே இந்த வலை மேலிருந்து போர்த்தப்பட்டதல்ல. உள்ளிருந்து, பிரிவின் போக்கிலேயே உருவானது. நடுவில் அடர்த்தி, விளிம்பில் தளர்ச்சி என்று அது அமைவதற்கும் அதுவே காரணம்.

மலையுச்சியின் கூரிய வெயிலை இந்த வலை வடிகட்டித் தருகிறது. உலர்காற்று இலையை நேரே தொடாமல் தடுக்கிறது. நல்ல வெயில் படும் செடியில் வலை தடித்து வெண்மை பூக்கும். நிழலில் வளர்த்தால் மெலிந்து, பச்சை தெரியத் தொடங்கும். விடியலில் பனித்துளிகள் இந்த நூல்களில் தொங்கும் நேரம் அரைமணி கூட நீடிக்காது. துளி ஒவ்வொன்றும் நூலின் சந்திப்பில்தான் தங்கும். சந்திப்புகள் எங்கே என்பதைத் துளிகளே எழுதிக்காட்டும். கோடையில் இந்த வெண்மைக்குள்ளிருந்து ரோஜாச் சிவப்பில் விண்மீன் வடிவப் பூக்கள் எழும்போது, அத்தனை அடக்கமான செடிக்கு இப்படியொரு துணிவா என்று வியக்கத் தோன்றும்.

நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவசரமில்லாமல் பேச வேண்டும். ஏனெனில் செம்பர்விவத்துக்கு ஒரு நிறம் என்று கிடையாது, ஆண்டு முழுவதும் நீளும் ஒரு நிற ஓட்டம் உண்டு. குளிர்காலத்தின் இறுதியில், வளர்ச்சி நின்றுகிடக்கும்போது, வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே வருகிறது. குளிரில் மந்தமான இலையால் அந்த ஒளி அத்தனையையும் பயன்படுத்த முடியாது. மிகுந்த ஒளி பசுமையைச் சிதைக்காமலிருக்க, இலை ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருளைத் தன் மேல்தோலில் சேர்த்துக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பியப் பாறைத் தோட்டங்கள் எரிவது இதனால்தான். மாதுளைச் சிவப்பு, மதுவின் கருஞ்சிவப்பு, செம்பின் மினுக்கம், நடுவில் மட்டும் இளம்பச்சை விட்டுச் சுற்றிலும் ஊதா என்று ஒவ்வொரு வட்டமும் தன் சாயலைத் தானே தேர்ந்துகொள்ளும். ஜூலையில் வெப்பம் ஏறியதும் பல வகைகள் மங்கிப் பச்சைக்குத் திரும்பும். புதிதாக வளர்ப்பவர்கள் செடி கெட்டுவிட்டதோ என்று கலங்குவார்கள். கெடவில்லை, இளைப்பாறுகிறது. இலையுதிர்காலத்தின் முதல் குளிர் இரவுகளில் விளிம்பிலிருந்து சிவப்பு மறுபடி கசியத் தொடங்கும்.

தோட்டக்காரர்கள் கலப்பினமாக்கி உண்டாக்கிய வகைகள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒன்றோடொன்று எளிதில் கலப்பது இந்தச் செடியின் இயல்பு. மலையிலேயே அரக்னாய்டியமும் மான்டேனமும் அருகருகே வளரும் இடங்களில் இரண்டின் சாயலும் கொண்ட பிள்ளைகள் பிறக்கின்றன. தோட்ட வகைகளில் ‘கமாண்டர் ஹே’ பெரிய தட்டாக விரிந்து செம்மையும் பச்சையுமாகப் பளபளக்கும். ‘ஆடிட்டி’யின் இலைகள் பின்புறமாகச் சுருண்டு குழல்களாகி நிற்கும். இரண்டையும் ரசிக்கிறேன். ஆனாலும் கையகலப் பெருவட்டங்களைவிட, மலையில் உள்ளபடியே சிறுத்து இறுகிய காட்டினங்களிடமே மனம் மீண்டும் போகிறது. அவற்றில் ஒரு கோடுகூட வீணாகவில்லை.

இந்த நிறமும் இறுக்கமும் தோட்டக்காரரின் கஞ்சத்தனத்தில் பிறப்பவை என்பதுதான் இதில் மிக இனிய செய்தி. செழித்த மண்ணில் நட்டு உரமிட்டுப் பாருங்கள். செடி வளரும், நன்றாகவே வளரும். இலைகள் நீண்டு தளர்ந்து வெளிறிப் பச்சையாகும். வட்டம் வட்டமாக இராது. வலை அறுந்து தொங்கும். அதே செடியைப் பொடிக்கல் நிறைந்த மெலிந்த மண்ணில் வையுங்கள். சில மாதங்களில் அது தன்னை ஒடுக்கி, இலை குறுக்கி, நிறம் கூட்டி, தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

தண்ணீரைச் சேமிப்பதில் இது காட்டும் நேர்த்திக்கு ஒரு கதை உண்டு. அதன் ஒரு முனை நம் பக்கம் இருக்கிறது. செம்பர்விவத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி நம் ஊர்களில் உண்டு: ரணகள்ளி. இலையைக் கட்டித் தொங்கவிட்டால் விளிம்பில் குட்டிகள் முளைக்கும் அந்தச் செடிதான். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன், இதன் இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். விடியலில் புளித்தது. நண்பகலில் சுவையற்றிருந்தது. மாலைக்குள் லேசாகக் கசந்தது. 1813இல் அவர் இதைக் கடிதமாக எழுத, லண்டனின் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சேறியது. அந்தப் புளிப்பின் பொருள் பின்னாளில் விளங்கியது. வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். ஆகவே இந்தக் குடும்பத்துச் செடிகள் துளைகளை இரவில் திறந்து, கரியமில வாயுவை உள்ளிழுத்து, மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்துவைக்கின்றன. பகலில் கதவை அடைத்துக்கொண்டு, சேர்த்த அமிலத்திலிருந்து உணவு சமைக்கின்றன. புளிப்பு ஏறுவதும் வடிவதும் இதனால்தான். இந்த முறைக்கு உலகெங்கும் வழங்கும் அறிவியல் பெயர் கிராசுலேசியே என்னும் இந்தக் குடும்பத்தின் பெயரிலேயே அமைந்திருக்கிறது. ஆல்ப்ஸ் பாறையின் செம்பர்விவமும் வறட்சி வரும்போது இந்த வழியைக் கையாள்கிறது. தடித்த இலையின் மெழுகுப் பளபளப்பை இனி பார்க்கும்போது, உள்ளே அடைத்துவைத்த ஓர் இரவையும் சேர்த்துப் பாருங்கள்.

இத்தகைய செடிக்கு இருக்கை அமைப்பது தனிக்கலை. லண்டனின் செல்சி மருத்துவத் தோட்டத்தில் 1773இல் ஒரு பாறைக்குவியல் எழுந்தது. ஐரோப்பாவில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பாறைத் தோட்டங்களில் ஒன்று அது. லண்டன் கோபுரத்திலிருந்து வந்த பழங்கற்களும், தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த கருத்த எரிமலைக் கற்களும் அதில் கலந்திருக்கின்றன. லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தின் பாறைப் பகுதி 1882இல் அமைந்தது. ஆனால் கல்லை எப்படி வைப்பது என்பதில் ஆங்கிலேயரின் கண்ணைத் திறந்தவர் யார்க்‌ஷயரின் கிளாபம் ஊரைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபாரர்தான். 1907இல் தன் பாறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1919இல் இரண்டு பெரும் தொகுதிகளாக ‘தி இங்கிலீஷ் ராக் கார்டன்’ வந்தது. மறு ஆண்டே பர்மாவின் மலைகளில் செடி தேடிப் போன இடத்தில் இறந்துபோனார். கற்களைக் குத்திட்டு நிறுத்தி அலங்காரம் செய்வதை அவர் தாங்கிக்கொண்டதில்லை. மலையில் பாறை எப்படிப் படுத்திருக்கிறதோ தோட்டத்திலும் அப்படியே படுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியில்தான் நானும். நன்றாக வைத்த கல்லில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ மண்ணுக்குள் போயிருக்கும். வெளியே தெரிவது, கீழே இருக்கும் பெரும்பாறையின் முகம் மட்டுமே என்று நம்பும்படி இருக்கும். கல்லின் படிவுக்கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். மேல்முகம் சற்றே பின்புறம் சாய்ந்திருக்கும். மழைநீர் வழிந்தோடாமல் வேரின் பக்கம் இறங்கும். ஒரே வகைக் கல்லாக இருப்பது முக்கியம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளையும் சாயம் பூசிய கூழாங்கற்களையும் இடையே தூவும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செம்பர்விவத்தின் பக்கத்தில் அவை வாய்விட்டுக் கத்துகின்றன. ஃபாரர் காலத்தினர் மலைமேல் நீர் அரித்துச் செதுக்கிய சுண்ணப்பாறைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து தோட்டம் அமைத்தார்கள். அந்தப் பாறைவெளிகளை இன்று பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. மலையின் அழகைத் தோட்டத்தில் நாட மலையையே உரித்தெடுக்கலாகாது. கல்குவாரியில் வெட்டிய சாதாரணக் கல்லே போதும், வைக்கும் கை நன்றாக இருந்தால்.

செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் இதை இன்னொரு படி நுட்பமாக்கினார்கள். தட்டையான பலகைக்கற்களைச் செங்குத்தாக, ஒன்றையொன்று ஒட்டி, வரிசை வரிசையாகப் புதைத்து, இடையில் விரல் அகலப் பிளவுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். மலைப்பாறை விரிசல் கண்ட மாதிரியே இருக்கும். அந்தப் பிளவுகளில் நடப்படும் செடியின் வேர் குளிர்ச்சியைத் தேடி ஆழமாக இறங்குகிறது. மேலே கழுத்து எப்போதும் உலர்ந்திருக்கிறது. செம்பர்விவத்தைக் கொல்வது குளிர் அல்ல, குளிர்கால ஈரம். பனி மூடிய மலையில் பத்திரமாக உறங்கும் செடி, தாழ்நிலத்தின் ஓயாத குளிர்மழையில் அழுகிவிடும். செங்குத்துப் பிளவில் வட்டம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்பதால் அதன் நடுவில் நீர் தேங்குவதே இல்லை. பார்ப்பவருக்கும் ஆதாயம் உண்டு. குனியத் தேவையின்றி வட்டத்தின் முழு முகத்தையும் நேருக்கு நேர் காணலாம்.

நடுகையைக் கவனிப்பது கண்ணுக்கு இதம். வளர்ந்த பெரிய செடியை இடுக்கில் திணிக்க மாட்டார்கள். விரல்நுனி அளவுக் கன்று ஒன்றை எடுத்து, அதன் நூல்வேர்களைப் பிரித்துப் பிளவுக்குள் தொங்கவிடுவார்கள். மண்ணும் பொடிக்கல்லும் சரிபாதியாகக் கலந்ததைச் சிட்டிகை சிட்டிகையாக ஊட்டி, குச்சியால் மெல்லத் தட்டி இறுக்குவார்கள். கடைசியாக ஒரு சிறு கல்லைச் செடியின் கழுத்தருகே செருகுவார்கள். அதன் நிறமும் கோடும் பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போக வேண்டும். இலையின் கீழ்ப்புறம் மண்ணைத் தொடாதபடி சுற்றிலும் பொடிக்கல் பரப்புவார்கள். வேர் பிடிக்கும் வரை கொஞ்சம் நீர், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். ஒரு தொல்லை மட்டும் உண்டு. கருங்குருவிகள் புழு தேடி வந்து புதுக்கன்றுகளைப் பிடுங்கி எறியும். அந்தச் செருகுகல் அதற்கும் காவல். மற்றபடி இலை வெளிறி அளவுமீறி நீண்டு, ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது துருநோய். அந்த வட்டத்தைத் தயங்காமல் அகற்றிவிட வேண்டும்.

நட்ட ஒன்று பலவாகும் விதத்தில்தான் இந்தச் செடியின் பேரன்பு. தாய்வட்டத்தின் இலைக்கக்கங்களிலிருந்து மெல்லிய தண்டுகள் நாற்புறமும் கிளம்பும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குட்டிவட்டம், எல்லா உறுப்பும் நிறைவாக, அதே விளிம்புமயிர், அதே ஊதா நுனி. குட்டி வேரூன்றியதும் தண்டு காய்ந்து அறுந்துவிடும். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அவை இடம் பிடிப்பதைப் பாருங்கள். மேட்டில் பரவி, பள்ளத்தில் நெருங்கி, விளிம்பில் வழிந்து, ஒன்றையொன்று அழுத்தி அறுகோணமாகிவிடும் இடங்களும் உண்டு. கிழக்கு ஆல்ப்ஸிலும் கார்பேத்தியன் மலைகளிலும் வாழும் குளோபிஃபெரம் இன்னும் விளையாட்டான வழியைக் கண்டிருக்கிறது. அதன் கன்றுகள் பட்டாணி அளவு உருண்டைகள். நூலினும் மெல்லிய தண்டில் அவை ஒட்டியிருக்கும். ஒரு காற்று, ஒரு மழைத்துளி, ஓர் ஆட்டின் குளம்பு பட்டால் போதும், அறுந்து சரிவில் உருண்டோடும். எந்த இடுக்கு பிடித்து நிறுத்துகிறதோ அங்கே வேர்விடும். தலைகீழாக நின்றாலும் கவலையில்லை, வளர வளரத் தன்னைத் திருப்பிக்கொள்ளும். பால்கனின் ஹியூஃபெலி மட்டும் கன்றுகளைத் தொலைவில் அனுப்புவதில்லை. தடித்த ஒரே வேரின் தலையில் வட்டம் இரண்டாக, நான்காகப் பிரிந்து கூட்டாக வாழும். பெருக்க வேண்டுமானால் கத்தியால் பிளந்துதான் ஆக வேண்டும்.

பிறகு ஒரு கோடையில், சில ஆண்டுகள் பழுத்த ஒரு வட்டத்தின் நடு உயரத் தொடங்கும். அதுவரை தரையை விட்டு எழாத செடி, இலைகளைத் தன் மேலேயே படிப்படியாக ஏற்றிக்கொண்டு தண்டாகிறது. டெக்டோரத்தில் ஒரு முழம் வரை உயர்வதும் உண்டு. உச்சியில் கொத்துக்கொத்தாக விண்மீன்கள். டெக்டோரத்தின் பூவில் இதழ்கள் பெரும்பாலும் 12 முதல் 16 வரை. மகரந்தத் தாள்கள் அதன் இருமடங்கு. ஒவ்வொரு இதழும் வெளிர்ரோஜா நிறத்தில், நடுவே அடர்கோடு ஓட, வெளிப்புறம் நுண்மயிர் படர்ந்து ஒளியில் மங்கலாக மின்னும். வுல்ஃபெனி மஞ்சளாகப் பூக்கும். குளோபிஃபெரத்தின் பூ முழுதாக விரியாமல் மணி வடிவிலேயே இருக்கும்; ஆறே இதழ்கள், வெளிர்மஞ்சள், ஓரமெங்கும் நுண்ணிய சிலும்புகள். இலையில் கண்ட விளிம்புமயிரை இங்கே பூவும் அணிந்துகொண்டிருக்கிறது. தேனீக்கள் நாள் முழுக்க வந்துபோகும்.

பூத்த வட்டம் அத்துடன் முடிந்துவிடும். தண்டை நறுக்கிவிட்டால் பிழைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள், பிழைப்பதில்லை. குலை தள்ளிய வாழையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தாய் சாயும்போது அடியில் கன்றுகள் நிமிர்ந்திருக்கும். எனவே பூத்தண்டை நறுக்காமல் விட்டுவைப்பதே எனக்குப் பிடித்தது. காய்ந்தபின்னும் அந்தத் தண்டு வைக்கோல் நிறத்தில் விறைத்து நின்று, பிளந்த காய்களில் தூசியினும் நுண்ணிய விதைகளைச் சில வாரம் ஏந்தியிருக்கும். பிறகு லேசாக முறுக்கினால் கையோடு வந்துவிடும். எஞ்சும் குழியைப் பொடிக்கல்லால் மூடினால் போதும், சுற்றியிருக்கும் கன்றுகள் அடுத்த பருவத்தில் அந்த இடத்தைத் தமதாக்கிக்கொள்ளும்.

பாறைத் தோட்டங்களுக்கு வெகு முன்பே இது மனிதரின் கூரைமேல் ஏறிவிட்டது. கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் பேரரசர் சார்லமேனின் பண்ணைகளுக்காக எழுதப்பட்ட ஆணையில், வளர்க்க வேண்டிய செடிகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. தோட்டக்காரர் தன் வீட்டுக் கூரையில் இதை வைத்திருக்க வேண்டும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது. இடி விழாமல் காக்கும் என்பது நம்பிக்கை. இடியின் தெய்வமான ஜூபிடரின் தாடி என்று அழைத்தார்கள். தீப்புண்ணுக்கு இலைச்சாற்றைத் தடவும் வழக்கமும் இருந்தது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிடும்போது கூரைக்குரியது என்று பொருள்படும் டெக்டோரம் என்பதையே இட்டார். பலகைக்கல் கூரைகளிலும் பழைய ஓடுகளிலும் இன்றும் அதைக் காணலாம். மண்ணே இல்லாத இடம் என்று நாம் நினைக்கும் இடத்தில், ஓட்டின் மடிப்பில் சேர்ந்த தூசியும் பாசியும் அதற்குப் போதுமான நிலம்.

நம் சமவெளியின் புழுங்கும் இரவுகளும் அடைமழையும் இதற்கு ஒத்துவராது. குளிர்நாட்டில் வாழ்பவர்கள், தோட்டமே இல்லாவிட்டாலும், ஒரு பழைய ஓட்டைத் தேடி எடுங்கள். களிமண்ணும் மாட்டுச் சாணமும் பிசைந்து ஒரு கைப்பிடி அதன் குழிவில் அப்புங்கள். கன்றுகள் இரண்டைப் பதித்து, வெயில் விழும் சன்னல் விளிம்பில், கண்மட்டத்தில் வையுங்கள். முதல் ஆண்டு கல்கேரியம். அதன் நுனிகளைப் பார்த்துக் கண் பழகிய பிறகு, இரண்டாம் ஆண்டு அரக்னாய்டியம்.